எந்தப் பக்கத்தில் மூடினார்கள் என்று பாருங்கள்

சமீபத்தில் வந்த அறிவியல் புனைவு, மிகுபுனைவு நாவல்களைப் பற்றியும் கிராஃபிக் நாவல்களைப் பற்றியும் வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே புத்தகத்தை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் ஐம்பதாவது பக்கத்தில் மூடிவிட்டேன் என்கிறார், இதில் யாரை நம்பி வாங்குவது என்பதுதான் உங்கள் கேள்வி.

இரண்டு பேரையும் நம்பலாம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் போடும் நட்சத்திரங்களை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் மூடினார், எந்தப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று தேடுங்கள். பல வருடங்களாக நான் இப்படித்தான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறேன், பெரும்பாலும் ஏமாந்ததில்லை.

மற்ற நாவல்களைவிட ஊகப்புனைவுக்கு, அதாவது அறிவியல் புனைவும் மிகுபுனைவும் சேர்ந்த இந்த வகைக்கு, வரும் கருத்துகள் இப்படிப் பிளந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்ப நாவலில் வீடு என்று வந்தால் அது வீடு. வாசல் இருக்கும், தெரு இருக்கும், வாசகர் அதைத் தானாகவே மனதில் கட்டிக்கொள்வார். ஊகப்புனைவில் முதல் வரியில் வீடு என்று வந்தால் அதற்கு வெளியே உலகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாது. அந்தத் தெரியாத நிலையோடு எவ்வளவு தூரம் நடக்கத் தயார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பத்துப் பக்கம்தான் பொறுமை. சிலருக்குக் கடைசிவரை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் நாவல் 2004ல் வந்தது, இது 2020ல். நடுவில் 16 வருடங்கள். அடுத்த ஆண்டே, பெண்கள் எழுதும் நாவல்களுக்கான விமன்ஸ் பிரைஸ் கிடைத்தது. கதைசொல்லி முடிவே இல்லாத மண்டபங்களால் ஆன ஒரு மாளிகையில் வாழ்கிறான். கீழ்த்தளங்களில் கடல் ஏறி இறங்குகிறது, மேல்தளங்களில் மேகம் தங்குகிறது, நடுவில் எங்கே பார்த்தாலும் சிலைகள். உலகத்தில் இதுவரை வாழ்ந்தவர்கள் மொத்தம் 15 பேர் என்று அவன் உறுதியாக நம்புகிறான். அவன் ஒருவன், 'மற்றவர்' என்று அவன் அழைக்கும் மனிதர் ஒருவர், எலும்புகளாகக் கிடக்கும் 13 பேர். ஆண்டுகளுக்கு எண் கிடையாது. தென்மேற்கு மண்டபங்களுக்கு ஆல்பட்ராஸ் பறவை வந்த ஆண்டு என்று பெயர்தான். முதல் நாற்பது பக்கங்களில் அவன் அலைகளின் கணக்கைச் சொல்கிறான், சிலைகளை வர்ணிக்கிறான், எலும்புகளுக்கு மரியாதை செய்கிறான். ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்பவர்கள் மூடுவது இங்கேதான்.

அதே பக்கங்களில் இன்னொரு வாசகர் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்து சந்திக்கும் அந்த 'மற்றவர்' கையில் பளபளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கொண்டே பேசுகிறார். கதைசொல்லிக்கு அது என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவன் தவிப்பதில்லை. நமக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. அவனிடம் கிழிந்த துணிதான் இருக்கிறது, எதிரில் இருப்பவர் நன்றாக உடுத்தியிருக்கிறார். அந்த நொடியிலிருந்து அவன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் வேறொரு கதை ஓட ஆரம்பிக்கிறது. நான் முதல் தடவை படித்தபோது அந்தக் கருவி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, திரும்பப் போய் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆக, 'மெதுவாகப் போகிறது' என்று ஒரு கருத்தைப் பார்த்தால், அவர் அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைக் கடந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் சொன்னது பொய்யில்லை, அவருக்கு அந்தப் புத்தகம் உண்மையிலேயே மெதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு அடுத்த படி, கடைசிவரை பதில் சொல்லாத புத்தகங்கள். இங்கே சண்டை இன்னும் பலமாக நடக்கும். பெல்ஜிய எழுத்தாளர் ஜாக்லின் ஹார்ப்மன் 1995ல் பிரெஞ்சில் எழுதிய நாவல், ஆங்கிலத்தில் 'ஐ ஹூ ஹாவ் நெவர் நோன் மென்'. புதிய புத்தகம் இல்லைதான். ஆனாலும் சில வருடங்களாக இளம் வாசகர்கள் குறும் காணொளிகளில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி, புதிதாக வந்த நாவலைப் போல ஆக்கிவிட்டார்கள். ஹார்ப்மன் 2012ல் இறந்துவிட்டார், இதைப் பார்க்க அவர் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

கதை இவ்வளவுதான். நிலத்துக்கு அடியில் ஒரு கூண்டு. உள்ளே 39 பெண்கள், ஒரு சிறுமி. காவலர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஏன் அடைத்தார்கள், யார் அடைத்தார்கள், இது எந்த இடம், எதற்கும் விடை கிடையாது. "இருநூறு பக்கம் படிக்க வைத்துவிட்டு ஒன்றையுமே சொல்லவில்லை" என்று கோபப்படும் வாசகர்கள் நிறைய. நியாயமான கோபம்தான், மர்மம் என்று நினைத்து உள்ளே போனால் கோபம் வரத்தான் செய்யும். நேசிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், பலரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது ஒரே இடத்தில். கடிகாரமே இல்லாத அந்தக் கூண்டில் சிறுமி தன் இதயத் துடிப்பை எண்ண ஆரம்பிக்கிறாள். காவலர் மாறுவதற்கும் விளக்கு அணைவதற்கும் நடுவில் எத்தனை துடிப்பு என்று கணக்கு வைக்கிறாள். தங்களுக்குக் காட்டப்படும் பகலும் இரவும் 24 மணி நேரக் கணக்கில் இல்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒருத்தியின் உடம்பே எல்லாருக்கும் கடிகாரமாகிவிடுகிறது. இந்தக் காட்சியைச் சொல்லும்போது உங்களுக்குள் ஏதாவது அசைந்தால் புத்தகத்தை வாங்குங்கள். 'சரி, அப்புறம் யார் அடைத்தார்கள்?' என்றுதான் மனது கேட்கிறது என்றால் வேறு புத்தகம் பார்க்கலாம், தப்பே இல்லை.

டென்மார்க்கின் சோல்வெய் பல்லெயின் 'ஆன் தி கேல்குலேஷன் ஆஃப் வால்யூம்' வரிசைக்கும் இது பொருந்தும். ஏழு பாகங்கள் என்று திட்டம். 2020லிருந்து தன்னுடைய சொந்தப் பதிப்பகத்தில் வெளியிட ஆரம்பித்தார், முதல் மூன்று பாகங்களுக்கு 2022ல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது, முதல் பாகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2025ல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. பழம்புத்தக வியாபாரியான தாரா செல்டருக்கு நவம்பர் 18ஆம் தேதி திரும்பத் திரும்ப வருகிறது. நாவல் தொடங்கும்போதே 121ஆவது நவம்பர் 18 ஆகிவிட்டது. அவள் தன் வீட்டு விருந்தினர் அறையில் ஒளிந்துகொண்டு கணவனின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். படி ஏறுகிறான், தண்ணீர் பிடிக்கிறான், வெளியே போகிறான். ஒவ்வொரு ஒலியும் எப்போது வரும் என்று அவளுக்கு அத்துப்படி. சினிமாவில் இந்த மாதிரிக் கதை வந்தால் நாயகன் தப்பிக்க வழி தேடுவான். இங்கே அவள் கவலைப்படுவது, தான் எடுத்துச் சாப்பிடும் பொருட்கள் மறுநாள் கடை அலமாரிக்குத் திரும்பி வருவதில்லையே என்று. ஒரே நாளுக்குள் இருந்துகொண்டு உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறோமோ என்ற பயம். "சலிப்பூட்டுகிறது" என்ற கருத்தும் "என் கல்யாண வாழ்க்கையைப் பற்றி இப்படி யாரும் எழுதியதில்லை" என்ற கருத்தும் அந்த விருந்தினர் அறையிலிருந்துதான் வருகின்றன.

அடுத்ததாக, பாத்திரங்கள் உயிரில்லாமல் இருக்கின்றன என்ற குற்றச்சாட்டு. அறிவியல் புனைவின் மீது காலங்காலமாக இருப்பது. லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். நானும் ஒப்புக்கொள்கிறேன், வாங் மியாவோ என்ற விஞ்ஞானியின் முகம் இன்றுவரை எனக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் அந்த நாவலில் முப்பது மில்லியன் படைவீரர்கள் சமவெளியில் அணிவகுத்து நிற்கிறார்கள். கையில் கறுப்புக் கொடி, வெள்ளைக் கொடி. பக்கத்தில் இருப்பவன் எதைத் தூக்குகிறான் என்று பார்த்து இவன் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த மனிதக் கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு கணினியாக இயங்குகிறது. இதைப் படித்துவிட்டு ஒருவர் பாத்திரங்களைப் பற்றி மட்டுமே பேசினால், அவருக்கும் எனக்கும் வேண்டியது வேறு வேறு என்று எடுத்துக்கொள்வேன்.

இந்த நாவலில் இன்னொரு விஷயம் இருக்கிறது, கருத்துகளைப் படிக்கும்போது இதை மனதில் வைப்பது நல்லது. 2006ல் சீன அறிவியல் புனைவு இதழில் தொடராக வந்தபோது, கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஓர் இயற்பியல் பேராசிரியர் மகள் கண்ணெதிரே அடித்துக் கொல்லப்படும் காட்சிதான் தொடக்கம். 2008ல் சீனாவில் புத்தகமானபோது அந்தப் பகுதியை நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். 2014ல் கென் லியு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, ஆசிரியரின் சம்மதத்தோடு அதைத் திரும்ப முன்னால் கொண்டுவந்தார். 2015ல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது, சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவை மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. ஆக, சீனப் புத்தகத்தைப் படித்தவரும் ஆங்கிலத்தில் படித்தவரும் ஒரே நாவலுக்குள் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே அந்த மகளின் காயத்தைப் பார்த்துவிட்டவருக்கு, பின்னால் அவள் எடுக்கும் முடிவு தெரிந்த காயத்தின் தொடர்ச்சியாக இருக்கும். பாதி நாவல் தாண்டி அதைப் பார்ப்பவருக்கு அதுவே ஒரு புதிரின் விடையாக இருக்கும்.

என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலை மூடுபவர்கள் காரணத்தை மறைப்பதில்லை: கதை முன்னிலையில் சொல்லப்படுகிறது. எல்லாப் பகுதிகளிலும் இல்லை, எசுன் என்ற தாயின் பகுதிகளில் மட்டும். தன் குழந்தை வீட்டில் இறந்து கிடப்பதைப் பார்க்கும் தாயிடம், 'நீ இப்போது இதைச் செய்கிறாய்' என்று யாரோ சொல்லிக்கொண்டே போகிறார்கள். தமிழில் இதை யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பயிற்சி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை இங்கே நீ என்பதா, நீங்கள் என்பதா? நீ என்றால் அந்தக் குரல் அவளுக்கு நெருக்கமானவருடையது என்று முதல் வரியிலேயே வெளிப்பட்டுவிடும். நாவல் கடைசிவரை பொத்தி வைக்கும் ஒரு விஷயத்தை நம் இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடும். "அந்த நடை எரிச்சலாக இருக்கிறது" என்று எழுதியவர்களில் சிலர், யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். இந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ வாங்கின. அதற்கு முன் யாருக்கும் அப்படி மூன்று வருடம் தொடர்ந்து கிடைத்ததில்லை.

விருது என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். விருதும் ஒரு வகை வாசகர் கருத்துதான், யாருடைய கருத்து என்று தெரிந்திருக்க வேண்டும். ஹ்யூகோவுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது கட்டணம் கட்டிச் சேர்ந்த வாசகர்கள். நெபியூலாவுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். ஆர்தர் சி. கிளார்க் விருதை ஒரு நடுவர் குழு தீர்மானிக்கிறது. ஹ்யூகோவில் ஒரே ஒரு புத்தகத்துக்கு முத்திரை குத்துவதில்லை, முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். அதனால் சிலர் வெறித்தனமாக நேசித்து மற்றவர்கள் வெறுத்த புத்தகத்தைவிட, பலருக்கும் இரண்டாவது இடத்தில் இருந்த புத்தகம் வெல்ல வாய்ப்பு அதிகம். என் ரசனைக்கு கிளார்க் விருதுப் பட்டியல்தான் நெருக்கம். விருது பெற்ற நாவலைவிடப் பட்டியலில் இருந்தவற்றை அதிகம் படித்திருக்கிறேன்.

2023ல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டில் ஆர். எஃப். குவாங்கின் 'பாபெல்' நாவல் ஹ்யூகோவுக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் பரிந்துரை விவரங்கள் வெளியானபோதுதான் இது எல்லாருக்கும் தெரிந்தது. எழுத்தாளர்கள் வாக்களித்த நெபியூலா அதே நாவலுக்குக் கிடைத்திருந்தது. அந்த ஆண்டு ஹ்யூகோ பட்டியலை மட்டும் பார்த்துப் புத்தகம் வாங்கியவருக்கு இப்படி ஒரு நாவல் இருப்பதே தெரிந்திருக்காது. எனக்கு இன்னும் அது ஆறாத விஷயம்.

'பாபெல்' பற்றிய முக்கியமான புகார், ஆசிரியர் காலனி ஆதிக்கம் கொடுமையானது என்பதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார், அடிக்குறிப்பிலும் விடுவதில்லை என்பது. இரண்டாம் பாதியைப் பொறுத்தவரை எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் முதல் பாதி நம்மைப் போன்ற இரண்டு மொழிக்காரர்களுக்கு விருந்து. 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிக் கட்டியில் ஒரு சொல்லையும் அதன் மொழிபெயர்ப்பையும் பொறிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பொருள் தவறிப்போகிறதோ அதுவே மந்திர சக்தியாக வெளிப்படுகிறது. ஊடல் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயன்றிருந்தால் உங்களுக்குப் புரியும். எந்தச் சொல் போட்டாலும் பிடிக்குள் அடங்காமல் மிஞ்சி நிற்கிறதே ஒன்று, அதில்தான் இந்த நாவலின் கப்பல்களும் ஆலைகளும் ஓடுகின்றன.

வாசகர் எங்கிருந்து வருகிறார் என்பது தீர்ப்பை எவ்வளவு மாற்றும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. 2023ல் வந்து நெபியூலா வென்ற நாவல். குழந்தை பிறந்த கணத்தில் தாய் அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்து எடுக்கிறாள். மகனைத் தகப்பனைக் கொல்வதற்காகவே வளர்க்கிறாள். தகப்பன் ஒரு மதத் தலைவர், பூரணரும் கருணையுள்ளவரும் என்று உலகம் அவரை அழைக்கிறது. மகன் பெயர் ஃபெட்டர். தளை, விலங்கு என்று அர்த்தம். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கு பௌத்த மரபு சொல்லும் பொருளும் அதுதான். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இரவில் கிளம்பிப்போன தகப்பனின் கதையை, விட்டுப்போன வீட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் நாவல். இதைப் பிடித்துக்கொண்ட வாசகர் முதல் அத்தியாயத்திலேயே அதிர்ந்துபோகிறார். பிடிபடாதவர், "மந்திரக் கதவுகள் என்று தலைப்பு வைத்துவிட்டு அரசாங்க அலுவலகம், அடையாள அட்டை, தனிமைப்படுத்தும் முகாம் என்று அலைக்கழிக்கிறார்" என்கிறார். பிறப்பை வைத்து மனிதரைப் பிரித்து அட்டை கொடுக்கும் அந்த நகரத்தின் வரிசைகளில் ஃபெட்டர் நிற்கும் பக்கங்களைப் படித்தபோது, கற்பனை நகரம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. முகாம் என்ற சொல்லின் கனம் தெரிந்த மொழியில் வாழ்கிறவர்கள் நாம். வேறிடத்து வாசகர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தால் அதை வைத்து இந்த நாவலைத் தள்ளிவிடாதீர்கள்.

சுருக்கமாக இன்னும் மூன்று. கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்' (2020): முதல் அத்தியாயத்தில் உத்தரப் பிரதேச ஊர் ஒன்றில் வெப்ப அலை. ஈரப்பதமும் சூடும் சேர்ந்து வியர்வை ஆறாத நிலைக்குப் போகிறது, மக்கள் ஏரியில் இறங்குகிறார்கள், ஏரித் தண்ணீரும் உடல் சூட்டைவிட வெப்பமாக இருக்கிறது. அந்த அத்தியாயத்தை ஒருவர்கூடக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கூட்டக் குறிப்புகளும் மத்திய வங்கிகளும் வரும்போதுதான் வாசகர்கள் கழன்றுகொள்கிறார்கள். ஆண்டி வெயரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021): நடை பள்ளிக்கூட வாத்தியார் பேச்சு மாதிரி இருக்கிறது என்பார்கள், கதைசொல்லி பள்ளிக்கூட வாத்தியார்தான். இதற்கு மட்டும் எந்தக் கருத்தையும் படிக்காமல் உள்ளே போங்கள், ஒரு சந்திப்பு கெட்டுவிடும். சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 2024ல் புக்கர் வாங்கியது: ஆறு விண்வெளி வீரர்கள், ஒரு நாள், 16 முறை பூமியைச் சுற்றுகிறார்கள். இது அறிவியல் புனைவே இல்லை என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை, வாக்கியங்கள் அழகாக இருக்கின்றன.

கிராஃபிக் நாவல்களுக்கு வருகிறேன். இங்கே வாசகர் கருத்துகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்தி பத்தியாகக் கதையைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் 'ஓவியங்கள் அருமை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த மாதிரிக் கருத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு பக்கத்தையாவது குறிப்பிட்டு, கட்டங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, கண் எந்த வழியாகப் போகிறது என்று சொல்பவரின் கருத்தைத்தான் தேடுவேன். "அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கொடுத்த காசுக்கு மதிப்பில்லை" என்பதும் அடிக்கடி வரும். வார்த்தைகளை மட்டும் படித்தால் அரை மணி நேரம்தான். ஷான் டானின் 'தி அரைவல்' (2006) புத்தகத்தில் வார்த்தையே கிடையாது. புது நாட்டுக்குக் குடிபெயர்ந்து வரும் மனிதனுக்குப் புரியாத எழுத்துகளை நமக்கும் புரியாதபடி புதிதாக வரைந்து வைத்திருக்கிறார். ஐந்து நிமிடத்திலும் புரட்டலாம், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம்.

எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' பற்றி எல்லாரும் சொல்லும் குறை, கண் வலிக்கிறது என்பது. உண்மைதான். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பத்து வயதுச் சிறுமி பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து எழுதியது போல மொத்தப் புத்தகமும் இருக்கிறது. 1960களின் சிகாகோவில் வாழும் அந்தச் சிறுமி தன்னை ஓநாய்ப் பெண்ணாகவே வரைந்துகொள்கிறாள். பக்க எண் கிடையாது, ஓரமெல்லாம் பொடி எழுத்து. ஃபெரிஸுக்கு நாற்பது வயதில் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றி உடல் முடங்கியது, வரையும் கை செயலிழந்தது. பேனாவைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மறுபடி வரையப் பழகினார். முதல் புத்தகம் 2017ல் வந்தது, இரண்டாவது 2024ல். ஒரு கன்னத்தின் நிழலை நெருங்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான பேனாக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போவது தெரியும். இரண்டாம் பாகம் முதலாவதைப் போல இறுக்கமாக இல்லை என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஏழு வருடம் காத்திருந்தவர்களின் ஏமாற்றமும் அதில் கலந்திருக்கிறது, இப்போது இரண்டையும் சேர்த்துப் படிக்கப்போகும் உங்களுக்கு அது இருக்காது.

காத்திருப்பு தீர்ப்பைக் கெடுப்பதற்கு 'சாகா'வும் உதாரணம். பிரையன் கே. வானும் ஃபியோனா ஸ்டேப்பிள்ஸும் 2012ல் தொடங்கிய காமிக்ஸ் வரிசை. 2018ல் 54ஆவது இதழில் நெஞ்சைப் பிளக்கும் இடத்தில் நிறுத்தினார்கள், 2022 ஜனவரியில்தான் திரும்ப வந்தது. திரும்பி வந்த பகுதிகளுக்கு வந்த கோபமான கருத்துகளில் பாதி அந்த மூன்றரை வருடத்தின் மீதான கோபம். கதையின் தொடக்கத்தில் பிறக்கும் குழந்தை ஹேசல்தான், பெரியவளான பிறகு அதைச் சொல்கிறாள். அவள் வார்த்தைகள் பெட்டிக்குள் இருக்காது. ஸ்டேப்பிள்ஸ் தன் கையெழுத்தில் ஓவியத்தின் மேலேயே எழுதியிருக்கிறார், வானத்திலும் சுவரிலும் அவள் குரல் மிதக்கிறது. பொய் சொன்னால் உடனே 'பொய்' என்று சொல்லும் ஒரு பெரிய பூனை இருக்கிறது, அதைப் பிடிக்காத வாசகரை நான் சந்தித்ததே இல்லை. ஒரு எச்சரிக்கை, இது பெரியவர்களுக்கான புத்தகம். படம் போட்ட புத்தகம்தானே என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ஜோரி லியு எழுதி சானா டகேடா வரையும் 'மான்ஸ்ட்ரஸ்' ஓவியத்துக்காக மட்டுமே வாங்கலாம். கதை அடர்த்தியானது, முதல் தொகுதியில் யார் யாரோடு சண்டை என்று நானும் தடுமாறினேன்.

எதில் தொடங்கலாம் என்றால், ஜப்பானிய மாங்காவான 'ஃப்ரீரென்' முதல் தொகுதியைச் சொல்வேன். கானேஹிதோ யமாதா எழுத, ட்சுகாசா அபே வரைய, 2020ல் தொடங்கிய தொடர். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும். அரக்க மன்னனை வீழ்த்தி வீரர்கள் ஊர் திரும்பும் இடத்தில், மற்ற கதைகள் முடியும் இடத்தில், இது ஆரம்பிக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் ஃப்ரீரெனுக்கு நண்பர்களோடு நடந்த பத்து வருடப் பயணம் ஒன்றுமே இல்லை. எல்லாருமாக நின்று விண்கல் மழை பார்க்கிறார்கள். அடுத்தது ஐம்பது வருடம் கழித்து வரும், இதைவிட நல்ல இடம் ஒன்று தெரியும், அப்போது கூட்டிப்போகிறேன் என்று அடுத்த வாரம் வருகிறேன் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்னபடி திரும்பி வரும்போது நண்பன் ஹிம்மெல் முதுகு கூனி, தலை வழுக்கையாகி நிற்கிறான். அவள் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நாம் பக்கத்தைத் திருப்பியதும் அந்த ஐம்பது வருடமும் போய்விடுகிறது. மெதுவாகப் போகிறது, சண்டை குறைவு என்று இதற்கும் புகார் இருக்கிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, அந்த விண்கல் மழைப் பக்கங்களில் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள், அடுத்து எந்தப் புத்தகம் என்று என்னால் சொல்ல முடியும்.